சரளையும் சுண்ணாம்பும் கலந்த மேய்ச்சல் சரிவின் மண்ணை அளந்து அறிவது எப்படி?

குன்றுச் சரிவில் உள்ள மேய்ச்சல் நிலத்தின் மண்ணை மதிப்பிடும் பொறுப்பு முதன்முறையாக என்னிடம் வந்தபோது, வயல் மண்ணுக்குப் பழகிய முறையையே அங்கும் கையாண்டேன். துளைக்கருவி எங்கே இறங்கியதோ அங்கே நான்கு மாதிரிகள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். கரிமச் சத்து போதிய அளவு உள்ளது, மணல், வண்டல், களியின் கலப்பு நன்று என்று அறிக்கை வந்தது. அதை நம்பிப் புல் விதைத்தோம். விதை முளைத்தது; மழை ஓய்ந்த முதல் வாரத்திலேயே நாற்றுகள் வாடத் தொடங்கின, இரண்டாம் வாரத்தில் சரிவு முழுவதும் காய்ந்துவிட்டது. அடுத்த பருவத்திலும் அதே கதைதான். அறிக்கையில் பிழை எதுவும் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. ஆய்வகம் சோதிப்பது 2 மி.மீ. சல்லடையில் இறங்கும் நுண்மண்ணை மட்டுமே. அந்த நுண்மண் சரிவில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஆய்வகம் அறியாது, நானும் அளக்கவில்லை.

இவ்வகைச் சரிவுகளில் மண்ணின் தரத்தைக் காட்டிலும் மண்ணின் அளவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஆழம் எவ்வளவு, அந்த ஆழத்தில் கல் எவ்வளவு ஆகிய இரண்டும் தெரியாமல் விதைக்கோ, எருவுக்கோ, விலையுயர்ந்த ஆய்வுக்கோ பணம் செலவிடாதீர்கள். நான் இரண்டு பருவங்களை இழந்து கற்றுக்கொண்ட வரிசையைக் கீழே தருகிறேன்.

1. களத்துக்குப் போகும் முன் சேர்க்க வேண்டிய ஆவணங்கள்

முதலாவது, குழி தோண்டுவதற்கான எழுத்துவழி அனுமதி. நிலம் தனியாருடையதோ, ஊர்ப்பொதுவோ, வனத்துறையுடையதோ, எதுவாயினும் வாய்மொழி ஒப்புதலோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை குழிகள், என்ன ஆழம், எப்போது மூடப்படும் என்று ஒரு பக்கக் கடிதத்தில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். நிலத்தடியில் குழாயோ மின்கம்பியோ செல்கிறதா என்பதையும் அப்போதே கேட்டு அறியுங்கள். மாதிரியை வேறு நாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால், மண்ணை எல்லை தாண்டி அனுப்புவதற்குத் தனி அனுமதி தேவைப்படும். அதற்கு ஆகும் காலத்தைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மண்வரைபடமும் அதனுடன் வரும் விளக்கக் குறிப்பும். புதியவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் குறிப்பைப் படிக்காமல் விடுகிறார்கள். 1:50,000 அளவு வரைபடத்தில் 1 செ.மீ. என்பது களத்தில் 500 மீட்டர். ஆனால் குன்றுச் சரிவில் மண்ணின் ஆழம் இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் மாறிவிடும். அதனால்தான் இத்தகைய இடங்களை வரைபடம் ஒரே மண்ணாகக் காட்டாமல், ஆழமற்ற மண் இத்தனை விழுக்காடு, வெளித்தெரியும் பாறை இத்தனை விழுக்காடு, ஆழமான மண் மீதி என்று கலவை அலகாகக் காட்டுகிறது. அந்த விழுக்காடுகள் குறிப்பில்தான் இருக்கும். உங்கள் கால் நிற்கும் இடம் அவற்றுள் எது என்பதை வரைபடம் சொல்லாது. நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவற்றுடன் நிலவியல் வரைபடம், சமஉயரக் கோட்டு வரைபடம், கிடைத்தால் கடந்த சில ஆண்டுகளின் மழைப்பதிவு, மேய்ச்சல் பதிவேடு ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நிலவியல் வரைபடத்தில் சுண்ணாம்புக்கல்லா, டோலமைட்டா (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை), சுண்ணச் சேற்றுக்கல்லா என்று பார்த்து வைத்துக்கொண்டால் ஐந்தாம் படியில் ஒரு குழப்பம் குறையும்.

2. பருவத்தையும் நாட்களையும் தேர்ந்துகொள்ளுதல்

நல்ல மழைக்குப் பிறகு நான்கைந்து நாட்கள் கழித்து, மண் ஈரமாக இருந்தும் சேறாகாத நிலையில் போவதே சிறந்தது. முற்றக் காய்ந்த சுண்ணாம்பு மண் கல்லைப் போல இறுகியிருக்கும். கம்பி நிற்பது பாறையாலா, வறண்ட மண்ணாலா என்று பிரித்தறிவது கடினம். மழை பெய்த மறுநாளே போனால் உங்கள் காலடியே சரிவைக் குலைத்துவிடும்.

ஏறக்குறைய 40 ஹெக்டேர் சரிவுக்கு, நடந்து பார்க்க ஒரு நாள், கம்பியால் ஆழம் அளக்க ஒரு நாள், குழி தோண்டி விவரம் எழுத இரண்டு நாட்கள், மாதிரியை நிழலில் உலர்த்திச் சலிக்க ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவராகப் போங்கள், தனியாகக் கடப்பாரையுடன் சரிவில் வேலை செய்வது பாதுகாப்பானது அன்று. ஆய்வகம் எத்தனை நாட்களில் அறிக்கை தரும் என்பதை முன்கூட்டியே கேட்டு, அதற்கு ஏற்ப விதைப்பு நாளைக் குறியுங்கள். நாள் குறித்த பிறகு அறிக்கைக்காகக் காத்திருந்தால் பருவம் கை நழுவும்.

3. சரிவைப் பகுதி பிரித்து, ஆழத்தைக் கம்பியால் அளத்தல்

சரிவை உச்சி, தோள்பகுதி, நடுச்சரிவு, அடிவாரம் என்று நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே, நிலம் வெளிப்புறமாகக் குவிந்து வளையும் தோள்பகுதியில்தான் மண் பெரும்பாலும் மிக மெல்லியதாக இருக்கும்; அங்கிருந்து அரித்துச் செல்லப்பட்டது அடிவாரத்தில் தங்குகிறது. ஒவ்வொரு பகுதியின் சாய்வையும், அது நோக்கும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். சாய்வை எழுதும்போது பாகையா விழுக்காடா என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். 45 பாகை என்பது 100 விழுக்காடு. 30 விழுக்காடு என்பது 17 பாகைக்குச் சற்றுக் குறைவு. அலகு குறிக்காத எண் பின்னாளில் யாருக்கும் பயன்படாது.

அடுத்து, 10 அல்லது 12 மி.மீ. தடிமனும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள, முனை கூராக்கிய எஃகுக் கம்பி ஒன்றும் ஒரு சுத்தியலும் போதும். சமஉயரக் கோட்டின் வழியே கயிறு கட்டி, இரண்டு மீட்டருக்கு ஒன்றாக முப்பது புள்ளிகளில் கம்பியை இறக்குங்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வரிசை வேண்டும்.

என் முதல் தவறு இங்கேதான் நிகழ்ந்தது. கருவி இறங்காத இடத்தை விட்டுவிட்டு இறங்கும் இடத்தைத் தேடிப் போனேன். அப்படிச் செய்தால் பாறை வெடிப்புகளிலும் பள்ளங்களிலும் தேங்கிய ஆழமான மண் மட்டுமே கணக்கில் வரும், சரிவின் பெரும்பகுதி விடுபட்டுப்போகும். கயிறு காட்டும் புள்ளியில் பாறை தெரிந்தால் அங்கே ஆழம் சுழியம் என்று எழுதுங்கள். அந்தச் சுழியமும் அளவீடுதான்.

கம்பி நின்றவுடன் அதையே பாறை என்று முடிவு செய்யவும் கூடாது. ஒரு சாண் தள்ளி மறுபடியும், இன்னொரு சாண் தள்ளி மூன்றாம் முறையும் இறக்கிப் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் நின்றால் அது அடிப்பாறையாகவோ இறுகிய சுண்ணாம்புப் படலமாகவோ இருக்கும். ஒன்று மட்டும் நின்றால் இடையில் கிடக்கும் கல். சில நாட்கள் பழகினால் காதும் உதவும். அடிப்பாறையில் பட்ட கம்பி கணீரென்று ஒலித்துக் கையில் அதிரும். தனிக்கல்லில் பட்டால் ஓசை மழுங்கி, கம்பி சற்றே விலகும்.

முப்பது எண்களையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஏறுவரிசையில் அடுக்கி நடு எண்ணைக் குறியுங்கள், 10 செ.மீ.க்குக் குறைவானவை எத்தனை, 25 செ.மீ.க்குக் குறைவானவை எத்தனை, 50 செ.மீ.யைத் தாண்டியவை எத்தனை என்றும் எண்ணுங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் முறையில் 25 செ.மீ.க்குக் குறைந்தது மிகவும் ஆழமற்ற மண், 25 முதல் 50 வரை ஆழமற்ற மண். எங்கள் நடுச்சரிவில் நடு எண் 18 செ.மீ. என்று வந்தது, நான் முன்பு மாதிரி எடுத்த பள்ளங்களிலோ 30 செ.மீ.க்குக் குறையாமல் மண் இருந்தது. ஓரிரு ஆழமான பள்ளங்கள் சராசரியை உயர்த்திக் காட்டும். ஆனால் அந்தப் பள்ளங்களில்தான் மரமும் புதரும் வேரூன்றி நிற்கின்றன. புல் நிற்பது மீதி இடத்தில்.

4. குழி தோண்டிக் கல்லின் கனஅளவை அறிதல்

ஒவ்வொரு பகுதியிலும் நடு எண்ணுக்கு நெருங்கிய ஆழமுள்ள இடத்தில் ஒரு குழி தோண்டுங்கள். தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்புறம் தார்ப்பாயில் குவியுங்கள். மேற்புறச் சுவரை மிதிக்காமல் காத்து, அந்தச் சுவரையே சீவிப் பார்த்து விவரம் எழுதுங்கள்.

சுவரில் தெரியும் கல்லைக் கண்ணால் மதிப்பிடுவது புதியவர்களுக்குத் தவறாகவே முடியும். ஆகவே குறைந்தது பகுதிக்கு ஓர் இடத்திலாவது நீர் முறையில் அளந்துவிடுங்கள். தரையில் மட்டமாக ஒரு வளையத்தையோ சட்டத்தையோ பொருத்துங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, வளையத்தின் விளிம்பு வரை நிரம்ப எவ்வளவு நீர் பிடிக்கிறது என்று அளந்து, நீரை எடுத்துவிடுங்கள். பின்னர் வளையத்துக்குள் தோண்டி, வெளிவரும் மண், கல் அனைத்தையும் சிந்தாமல் வாளியில் சேர்த்து, மறுபடியும் தாள் விரித்து அதே விளிம்பு வரை நீர் நிரப்புங்கள். இரண்டு அளவுகளின் வித்தியாசமே குழியின் கனஅளவு. முதல் அளவை எடுக்காமல் விட்டால் சரிவின் சாய்வே கணக்கில் பிழையாகப் புகுந்துவிடும். தோண்டியதை உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் சலித்து, மேலே தங்கிய கற்களைக் கழுவி, நீர் நிறைந்த வாளியில் இட்டு, வழியும் நீரை அளந்தால் கல்லின் கனஅளவு கிடைக்கும். குழி 4 லிட்டர், கற்கள் வெளியேற்றிய நீர் 1.8 லிட்டர் என்றால், அந்த மண்ணில் 45 விழுக்காடு கல்.

எடையையும் கனஅளவையும் ஒன்றாக எண்ணுவது இங்குள்ள பெரிய பொறி. கல்லின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறக்குறைய 2.65 கிராம், நுண்மண்ணின் அடர்த்தி அதில் பாதியளவு, 1.3 என்று வைத்துக்கொள்ளலாம். எனவே எடையில் 60 விழுக்காடு கல் உள்ள மண், கனஅளவில் ஏறக்குறைய 42 விழுக்காடு கல் உள்ள மண்ணே. வகைப்பாட்டு அட்டவணைகள் கனஅளவையே கேட்கின்றன: 15 முதல் 35 விழுக்காடு வரை சரளை மண், 35 முதல் 60 வரை மிகுசரளை மண், 60 முதல் 90 வரை மிக மிகுந்த சரளை மண். 2 முதல் 75 மி.மீ. வரை உள்ளதே சரளை. அதைவிடப் பெரியவை பெருங்கற்கள், அவற்றைத் தனியாக எழுத வேண்டும்.

கல்லை அளப்பது போலவே கல்லைப் பார்ப்பதும் முக்கியம். குழியிலிருந்து ஒரு கல்லை எடுக்கும் முன் அதன் மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நீண்ட காலம் அசையாமல் கிடந்த கல்லின் அடிப்புறத்தில் வெண்மையான சுண்ணாம்புப் பூச்சு படிந்திருக்கும். கல்லைச் சுற்றி இறங்கிய நீர் அடியில் தொங்கி உலரும்போது சுண்ணாம்பை அங்கே விட்டுச் செல்கிறது. முதிர்ந்த பூச்சு, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிராமல், சிறுசிறு முட்களாகத் தொங்கும். அந்தப் பூச்சு கல்லின் மேற்பக்கத்திலோ பக்கவாட்டிலோ இருக்கக் கண்டால், அந்தக் கல் புரண்டு வந்திருக்கிறது என்று பொருள். அந்த மண் மேலிருந்து சரிந்து இறங்கியது. ஒரே குழியில் பத்துக் கற்களை இப்படித் திருப்பிப் பார்த்தாலே சரிவு நிலைத்திருக்கிறதா, நகர்கிறதா என்று ஓரளவு விளங்கிவிடும். இதற்கு எந்தச் செலவும் இல்லை. இருந்தும் களக்குறிப்புகளில் இதை அரிதாகவே காண்கிறேன்.

குழியின் அடியில் கம்பியை நிறுத்தியது எது என்பதையும் அறிய வேண்டும். ஒரு துண்டை உடைத்தெடுத்து, உலர்த்தி, இரவு முழுவதும் நீரில் ஊறவையுங்கள். குழைந்து கரைந்தால் அது இறுகிய மண் மட்டுமே. கரையாமல் நின்று, அமிலத்தில் மட்டும் கரைந்தால் சுண்ணாம்பால் கட்டுண்ட படலம், அதாவது சுக்கான். வெடிப்புகளுள்ள சுண்ணாம்புப் பாறை என்றால் வேர்கள் அந்த வெடிப்புகளில் இறங்கும். வெடிப்புகளின் இடைவெளியையும் அவற்றில் வேர் உள்ளதா என்பதையும் எழுதுங்கள். தொடர்ச்சியான சுக்கான் என்றால் வேர்கள் அதன் மேல் பாய் விரித்ததுபோலப் பரவி நிற்பதைக் காண்பீர்கள். ஆழம் ஒன்றேயானாலும் இவ்விரண்டும் வெவ்வேறு நிலங்கள்.

5. அமிலச் சொட்டுச் சோதனை

ஒரு மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். கடையில் கிடைக்கும் 37 விழுக்காட்டுச் செறிவமிலத்தின் ஒரு பங்கை 11 பங்கு நீரில் கலந்தால் ஏறக்குறைய அந்தச் செறிவு வரும். எப்போதும் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது; கண்ணாடியும் கையுறையும் அணியாமல் இதைச் செய்யாதீர்கள். கலந்த அமிலத்தையே வாங்க முடியுமானால் அதுவே நல்லது.

சொட்டை நுண்மண்ணின் மேல் விடுங்கள், சரளையின் மேல் விடாதீர்கள். சுண்ணாம்புக்கல்லில் பட்டால் எப்படியும் நுரைக்கும். அதனால் மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியவராது. மேல் 5 செ.மீ.யில் நுரை இல்லாமல் கீழே போகப் போகப் பொங்கினால், மழைநீர் மேலடுக்கின் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்கியிருக்கிறது; நிலம் பல காலம் நிலையாக இருந்ததற்கு அது ஓர் அடையாளம். மேற்பரப்பிலேயே பொங்கினால், மேல்மண் அரித்துப் போயிருக்கலாம், அல்லது காற்றோ ஓடும் நீரோ சுண்ணாம்புத் தூளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கலாம். டோலமைட் பாறையுள்ள இடத்தில் நுரை மிக மெதுவாகவே எழும். துண்டைப் பொடியாக்கி அதன்மேல் சொட்டுவிட்டுச் சிறிது நேரம் பொறுத்துப் பாருங்கள், இல்லையெனில் சுண்ணாம்பே இல்லை என்று தவறாக எழுதிவிடுவீர்கள்.

6. ஆய்வகத்துக்கு எதை அனுப்புவது, எதற்குப் பணம் கட்டாமல் இருப்பது

அனுப்பும் முன் மண்கட்டிகளை மர உருளையால் மெல்ல உடையுங்கள். உரலில் இட்டு இடித்தால் மென்மையான சுண்ணாம்புத் துண்டுகளும் பொடியாகி, நுண்மண்ணின் அளவும் சுண்ணாம்பின் விழுக்காடும் இல்லாத உயரத்துக்குப் போய்விடும். ஆய்வகம் இயந்திரத்தால் அரைக்குமா என்று கேளுங்கள். அரைக்குமானால் நீங்களே சலித்து, நுண்மண்ணை மட்டும் அனுப்புங்கள். சலித்ததில் எஞ்சிய கல்லின் அளவை மாதிரிப் படிவத்தின் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள்; அதன் படி ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டத் தகுந்தவை என்று நான் கருதுவன: மண் கலப்பு (மணல், வண்டல், களியின் விகிதம்), கார அமில நிலை (pH), கால்சியம் கார்பனேட் சமான அளவு (மண்ணிலுள்ள மொத்தச் சுண்ணாம்பு), கரிமக் கார்பன், மணிச்சத்து (பாஸ்பரஸ்). மணிச்சத்தைக் காரக் கரைசலால் பிரித்தெடுத்து அளக்கும் ஓல்சன் முறையை எழுத்தில் கேளுங்கள். பிரே முறையில் பயன்படும் அமிலக் கரைசலைச் சுண்ணாம்பே நடுநிலையாக்கிவிடுவதால், இவ்வகை மண்ணில் அந்த முறையின் எண்ணை நம்ப முடியாது. கரிமக் கார்பனில் இன்னொரு பொறி உண்டு. மாதிரியை எரித்து மொத்தக் கார்பனை அளக்கும் கருவி சுண்ணாம்பின் கார்பனையும் சேர்த்தே அளக்கும். கால்சியம் கார்பனேட்டின் எடையில் 12 விழுக்காடு கார்பன். மண்ணில் 20 விழுக்காடு சுண்ணாம்பு இருந்தால் 2.4 விழுக்காடு கார்பன் வெறும் சுண்ணாம்பிலிருந்து மட்டுமே வந்துவிடும். வளமற்ற மண்ணும் வளமானதாகத் தோன்றும். சுண்ணாம்புக் கார்பனைக் கழித்துத் தரும்படி படிவத்திலேயே எழுதுங்கள்.

நுண்ணூட்டச் சோதனைத் தொகுப்பு முழுவதையும் முதல் முறையே வாங்க வேண்டியதில்லை. அந்தச் சரிவிலேயே தலைமுறை தலைமுறையாக வளரும் புல்லும் புதரும் அங்குள்ள இரும்புப் பற்றாக்குறைக்குப் பழகியவை. வெளியிலிருந்து புதிய இனம் கொண்டுவந்து, அதன் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அப்போது சோதித்துக்கொள்ளலாம்.

அறிக்கையில் கார அமில நிலை 7.5 முதல் 8.4 வரை இருக்குமானால் அது சுண்ணாம்பு மண்ணுக்கு இயல்பு, 8.5ஐத் தாண்டினால் சோடியத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். இயல்பான எண்ணைக் கண்டு அஞ்சி, அதைக் குறைக்கக் கந்தகம் வாங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். 100 கிராம் சுண்ணாம்பை நடுநிலையாக்க 32 கிராம் கந்தகம் வேண்டும். எங்கள் சரிவைப் போல 45 விழுக்காடு கல்லும், நுண்மண்ணில் 10 விழுக்காடு சுண்ணாம்பும் உள்ள நிலத்தில், ஒரு ஹெக்டேரின் மேல் 15 செ.மீ.க்கு மட்டும் ஏறக்குறைய 34 டன் கந்தகம் ஆகும். சுண்ணாம்புச் சரளை அதன் பிறகும் கரைந்துகொண்டே இருக்கும். இதில் ஒரு காசும் செலவிட வேண்டாம். யூரியாவை மேலாகத் தூவுவதும் அதுபோன்றதே. சுண்ணாம்பு மண்ணின் மேற்பரப்பில் அதன் தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

7. அறிக்கையின் எண்களைச் சரிவின் எண்களாக மாற்றுதல்

இந்தப் படியைத் தவிர்த்தால் முன் செய்த வேலை அனைத்தும் பயனற்றுப் போகும். ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று அறிக்கை சொல்லும்போது, 15 செ.மீ. ஆழத்தில் கல்லே இல்லாத மண், அதாவது ஏறக்குறைய 20 லட்சம் கிலோ இருப்பதாகவே பெரும்பாலும் கணக்கிடப்படுகிறது. 45 விழுக்காடு கல் இருந்தால் உண்மையில் இருப்பது 11 லட்சம் கிலோ அளவே. அறிக்கையின் எண்ணை 0.55ஆல் பெருக்குங்கள்.

நீரின் கணக்கு இதைவிட முக்கியம். மணல், வண்டல், களி மூன்றும் கலந்த ஒரு நடுத்தர மண், செடிக்கு உதவும் நீராகத் தன் கனஅளவில் ஏறக்குறைய 16 விழுக்காட்டைப் பிடித்து வைக்கும். ஆழம் 30 செ.மீ., கல் இல்லை என்று நான் எண்ணியபடி 48 மி.மீ. நீர் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 4 மி.மீ. செலவானால் பன்னிரண்டு நாட்கள் தாங்கும். உண்மையில் ஆழம் 18 செ.மீ., கல் 45 விழுக்காடு. நீர் 16 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, தாங்குவது நான்கு நாட்கள். நாற்றுகள் முதல் வாரத்திலேயே வாடியதன் காரணம் இந்த ஒரு வரிக் கணக்கில் இருந்தது. விதைக்கும் முன் இதைப் போட்டுப் பார்த்திருந்தால் அந்த விதை எங்கள் களஞ்சியத்திலேயே இருந்திருக்கும்.

கல்லைக் குறையாக மட்டும் பார்ப்பதும் சரியன்று. 10 மி.மீ. மழை கல்லற்ற வறண்ட மண்ணில் ஏறக்குறைய 6 செ.மீ. வரை நனைக்கும்; 45 விழுக்காடு கல் உள்ள மண்ணில் 11 செ.மீ. வரை இறங்கும். மேலே கிடக்கும் சரளை வெயிலின் ஆவியாதலைக் குறைத்து, மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்ளும். சிறு மழைகள் மட்டுமே பெய்யும் இடத்தில், ஆழ வேரிடும் செடிகளுக்கு இது நன்மை. ஆனால் அதே கல் மேற்பரப்பில் தளர்வாகக் கிடக்காமல் மேல்மண்ணின் இறுகிய ஓட்டில் பதிந்துகிடந்தால் நீர் உள்ளிறங்காமல் வழிந்தோடும். எனவே மேற்பரப்புக் கல்லை விரலால் தள்ளிப் பாருங்கள். நகர்கிறதா, பதிந்திருக்கிறதா என்று எழுதுங்கள். மென்மையான சுண்ணாம்புக்கல் தானும் சிறிது நீரைப் பிடித்து வைக்கும். ஒரு கிலோ கல்லை நாள் முழுவதும் ஊறவைத்து, துடைத்து, எடை போட்டுப் பார்த்தால் எவ்வளவு என்று தெரியும்.

8. மேய்ச்சல் கணக்கில் இதைச் சேர்த்தல்

வரைபடத்து ஹெக்டேரைக் கொண்டு மாடுகளின் எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள். பாறையும் 10 செ.மீ.க்குக் குறைந்த மண்ணும் எத்தனை விழுக்காடு என்று மூன்றாம் படியில் எண்ணினீர்களே, அதை முதலில் கழியுங்கள். அதன்பின் சாய்வு. மேய்ச்சல் மேலாண்மையில் பரவலாகக் கையாளப்படும் ஒரு வழிகாட்டுதலின்படி, மாடுகளைப் பொறுத்தவரை சாய்வு 11 முதல் 30 விழுக்காடு வரை உள்ள நிலத்தின் தாங்குதிறனில் 30 விழுக்காட்டையும், 31 முதல் 60 வரை உள்ளதில் 60 விழுக்காட்டையும் குறைக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் மேய்ச்சல் நிலமாகவே கொள்ளக் கூடாது. ஆடுகள் இதைவிடச் செங்குத்தான இடத்திலும் மேயும். அதனால் அவற்றுக்கு இதே குறைப்பு பொருந்தாது.

மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும் சில நாட்கள் நடுச்சரிவிலும் தோள்பகுதியிலும் கால்நடையை விடாமல் இருங்கள். ஈரத்தில் குளம்பு பட்டால் சரளை பெயர்ந்து உருளும். அதன் பின்னால் நுண்மண் போகும். இழப்பதற்கு இங்கே அதிகம் இல்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கில் ஆழமான மண் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 11 டன் வரை அரிப்பைத் தாங்கலாம் என்று கொண்டால், அடியில் பாறையுள்ள மிக ஆழமற்ற மண்ணுக்கு அது 2.2 டன் மட்டுமே. நிலம் முழுவதும் பரப்பிப் பார்த்தால் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. புதிதாக உருவாகும் மண்ணை நம்பவும் முடியாது. 95 விழுக்காடு தூய்மையான சுண்ணாம்புப் பாறையில் கரையாமல் எஞ்சுவது 5 விழுக்காடுதான். அந்த எச்சத்திலிருந்து மட்டும் 10 செ.மீ. மண் சேர ஒரு மீட்டர் பாறை கரைந்தாக வேண்டும்.

9. குழியை மூடி, குறியிட்டுத் திரும்புதல்

அடிமண் அடியிலும் மேல்மண் மேலேயுமாக நிரப்பி, முன்பு மேற்பரப்பில் கிடந்த சரளையை மேலே பரப்புங்கள். மூடாத குழியில் இரவில் மேயும் கால்நடை கால் வைத்தால் எலும்பு முறியும். மறுநாள் மூடலாம் என்று எந்தக் குழியையும் விட்டு வராதீர்கள்.

கயிறு கட்டிய ஒவ்வொரு வரிசையின் இரு முனைகளிலும் ஓர் எஃகு ஆணியை அறைந்து, ஜி.பி.எஸ். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வரிசையின் இடையில் ஐந்தாறு நீண்ட ஆணிகளை, தலை தரையிலிருந்து சரியாக 5 செ.மீ. மேலே நிற்குமாறு இறக்கி, கால்நடையின் காலில் குத்தாதபடி கல்லால் சுற்றி வையுங்கள். அந்தக் கற்களை ஆணியிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பது நல்லது. ஒட்டி வைத்தால் அவையே மண்ணைத் தடுத்துத் தவறான எண்ணைத் தரும். ஒவ்வொரு மழைப்பருவம் முடிந்த பின்னும் ஆணித் தலையின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதே களப்புத்தகத்தில், அதே பக்கத்தில், நாளிட்டு எழுதுங்கள். உயரம் கூடினால் அங்கே மண் அரித்துப் போயிருக்கிறது; குறைந்தால் மண் வந்து சேர்ந்திருக்கிறது.